சந்து செய்தவள்

அகராதி அலுவலகத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பட்டப்பெயர் 'வேர்'. தும்மினால்கூட அந்தத் தும்மலுக்கு வேர்ச்சொல் எது என்று தோண்டுகிறவர். மற்றவர் 'ஆதாரம்'. வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால், எந்த நூலில் என்று கேட்கிறவர். அங்கே தட்டச்சு செய்பவளுக்கு வேர் உடன்பிறந்த அண்ணன், ஆதாரம் வீட்டுக்காரர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அவள்தான்.

'கலகம்' எங்கிருந்து வந்த சொல் என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அகராதி ஊர்ந்து ஊர்ந்து 'ச'வுக்கு வந்துவிட்டது, பேச்சு வந்தபாடில்லை. ஆனால் இருவரும் ஒப்பாத சொல் அச்சுக்குப் போகாது என்பது அலுவலக விதி. அதனால் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து அவளுக்குச் செருப்புத் தேய்ந்தது.

"வேருக்கும் விழுதுக்கும் வித்தியாசம் தெரியாத மண்டுன்னு போய்ச் சொல்லு" என்பார் அண்ணன்.

அவள் பக்கத்து அறைக்குப் போய், "இன்னொரு தடவை பாத்தா நல்லாருக்கும்னு அண்ணன் நினைக்கிறாருங்க" என்பாள். அங்கிருந்து "உளறல்" என்று கிளம்பும் பதில், இங்கே வந்து சேரும்போது "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்காம்ண்ணே" ஆகிவிடும். இதில் அவளுக்கு வெட்கமே இல்லை. இரண்டு பேரும் தன் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும். அதற்கு எத்தனை பொய் சொன்னாலும் தகும் என்றிருந்தாள்.

அப்போதுதான் 'சந்து' வந்தது. பகைவரோடு சமாதானம் பேசுவதற்கான பழைய சொல்.

"சந்துன்னா இடுக்கு. ரெண்டு படைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல புகுந்து பேசறது. சுத்தமா நம்ம சொல்" என்று அவளிடம் சொல்லியனுப்பினார் வேர்.

"சந்தின்னா சேர்க்கை. வடமொழியிலேர்ந்து வந்தது. இடுக்குக்கு ஆதாரம் எங்க?" என்று திருப்பியனுப்பினார் ஆதாரம்.

பதிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே மேசையில உக்காந்து பேசி முடிங்க. இல்லேன்னா அகராதி 'ச'வோட சரி" என்றார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அண்ணனை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைத்து விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். பகைவரோடு பேசுவதைப் பற்றி எழுதப்போகிற அறிஞர்கள் இருவரும் முதலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"என் விளக்கத்துல நியாயம் இருக்குன்னு நீங்களே முன்னாடி ஒத்துக்கிட்டீங்க, மாப்பிள்ளை."

"நானா? உளறல்னுதானே சொன்னேன், மச்சான்."

நூல் பிரிந்தது. இழுக்க இழுக்க எல்லாம் வெளியே வந்தது. திட்டியதற்காக யாருக்கும் கோபமில்லை. தாங்கள் சொன்ன சொல்லை ஒருத்தி மாற்றிவிட்டாள் என்பதுதான் இருவருக்கும் தாங்கவில்லை.

"இவ ஒழுங்கா சொல்லியிருந்தா நாம என்னைக்கோ பேசித் தீத்திருப்போம்" என்றார் ஆதாரம்.

"அதுக்கு ஆதாரம் கேக்கமாட்டேன், மாப்பிள்ளை" என்றார் வேர். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தூது போகிறவள் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று முடிவானது. வேறு தட்டச்சு ஆள் பார்ப்பது என்றும் முடிவானது. அண்ணன் மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊற்றினார்.

இந்தக் காட்சிக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். "அப்படியே சொல்லணும், இல்லையா?"

"அப்படியே" என்றார்கள் இருவரும்.

"சரி. என்னங்க, 'கலகம்' சண்டையன்னிக்கு அண்ணன் சொல்லிவிட்டது இது. 'என் தங்கச்சியை உனக்குக் குடுத்ததுக்கு ஒரு பாழுங்கிணத்துல தள்ளியிருக்கலாம்.' அண்ணே, அதுக்கு இவர் சொன்ன பதில், 'தள்ளியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.'"

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. அந்த வார்த்தைகளைத் தனக்கும் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் அவர்கள் இருவருக்கும் சோறு போட்டிருந்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "இன்னும் நெறைய இருக்கு."