எண் இல்லாத கல்லூரி

"ஏன்டி டார்லா, நீ போற காலேஜுக்கு நம்பரே இல்லையே?"

நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர்த் தபால் நிலையத்துக்கு வெளியே, காரை நிறுத்திவிட்டு ரெனே குசேரா இப்படிக் கேட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. பக்கத்து இருக்கையில் டார்லா வோபட். மடியில் இருந்த உறையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் மாவட்ட ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான் கிடந்தார்கள். பிசியோதெரபி படிக்க மனுப் போடுகிறவர்கள் முதலில் எங்காவது ஓரமாக நின்று வேலையைப் பார்த்தாக வேண்டும். பார்த்த மணிநேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்க வேண்டும். கையெழுத்து வாங்கியதும் இரண்டு பேரும் வெந்நீர்த் தொட்டியருகே போய் உட்காருவார்கள். வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் களிமண் பைகள் அதில் ஊறிக் கிடக்கும். ஈர மண் வாசனையில் கைகளைச் சூடேற்றிக்கொண்டு, ரெனேயின் அம்மா சுட்டுக் கொடுத்த கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளைப் பிய்த்துத் தின்பார்கள். ஒரே கல்லூரி, ஒரே வீடு, பிறகு இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரே கிளினிக் என்று பேசி வைத்திருந்தார்கள். டார்லாவுக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. ரெனே அவளுக்கும் சேர்த்துப் பேசுவாள்.

கல்லூரிகளின் தரவரிசை வந்த பத்திரிகைப் பக்கத்தை ரெனே கிழித்து, காரில் வெயில் மறைக்கும் பலகையில் ஒட்டியிருந்தாள். ஒன்பதாவது இடத்தில் இருந்த பென்சில்வேனியாக் கல்லூரி இருவருக்குமே இடம் கொடுத்தது. டார்லாவுக்கு இன்னோர் இடமும் கிடைத்திருந்தது. நாற்பது மைல் தள்ளி இருந்த சின்னக் கல்லூரி அது. எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட மனு. பட்டியலின் கடைசி வரை விரலை ஓட்டினாலும் அதன் பெயர் இல்லை.

இடம் கிடைக்கும் முன் அந்த ஒன்பதாவது கல்லூரிக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. நடையை அளக்கும் கருவிகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பேராசிரியர், இந்த வரிசை எப்படி வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்களுக்குத்தான் தாள் வரும். இருநூறு காலேஜ் பேரு. ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். ஒன்னுன்னா மட்டம், அஞ்சுன்னா ஒசத்தி. நான் கண்ணால பார்த்தது பத்து இருக்கும். மத்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்!" மேசையே சிரித்தது. ரெனேயும் சிரித்தாள். டார்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

சின்னக் கல்லூரிக்கு அவள் தனியாகப் போனாள். தேவாலயத்துக்குப் போடும் நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். மாணவர்கள் ஒருவர் உடம்பில் ஒருவர் எலும்பையும் தசையையும் தொட்டுப் பழகும் கூடம் அது. அங்கே அரைக்கால் சட்டைதான் உடுப்பு என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாம் வருஷப் பெண்ணொருத்தி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "போட்டுக்கோ. துவைச்சதுதான், பயப்படாதே. நாளைக்கு எனக்குப் பரீட்சை. உன் முழங்காலைக் கொஞ்சம் கடன் கொடு."

முழங்கால் சில்லைத் தொட்டவள், "ஏய், எல்லாரும் இங்க வாங்கடா!" என்று கத்தினாள். டார்லாவின் இடது சில்லு வெளிப்பக்கம் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் வாலிபால் ஆடிய காலத்து வலிக்குக் காரணம் அதுதான். ஆறு பேர் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். தொடைத் தசை என்றான் ஒருவன். இடுப்பு என்றாள் இன்னொருத்தி. "நீ சொல்லு, படி இறங்கினா வலிக்குமா?" என்று அவளையே கேட்டார்கள். அன்றைக்கு ஒரு மணிநேரம் டார்லா வாய் ஓயாமல் பேசினாள். அறிமுகமில்லாத ஆறு பேர் நடுவே, அரைக்கால் சட்டையில்.

இதையெல்லாம் தபால் நிலைய வாசலில், காரில் உட்கார்ந்து ரெனேயிடம் எப்படிச் சொல்வது? பணம் கட்டி இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் அது. "நாளைக்கு நம்ம கிளினிக் சுவத்துல உன் பட்டத்தை எப்படிடி மாட்டுவே? திருப்பியா?" என்றாள் ரெனே. டார்லா இறங்கிப் போய், சின்னக் கல்லூரிக்கான உறையைத் தபால் பெட்டியில் போட்டாள். ஆகஸ்டில் ரெனே பென்சில்வேனியாவுக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதோடு சரி.

டார்லா படித்து முடித்து அதே கீழ்த்தளத்துக்கே வேலைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் அவளை எங்கே படித்தாய் என்று கேட்டதில்லை. "எப்பம்மா டிராக்டர்ல ஏறலாம்?" என்றுதான் கேட்டார்கள். தொட்டியின் ஈர மண் வாசனை மட்டும் சில நாள் அவளை அப்படியே நிறுத்திவிடும். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை இருப்பதுபோல இருக்கும்.

இந்த அக்டோபரில் ரெனேயின் அம்மா பிளாஞ்ச் இடுப்பு மாற்று சிகிச்சை முடிந்து வந்தாள். கூடவே, விமானம் பிடித்து வந்திருந்த ரெனே. இப்போது அவள் அந்த ஒன்பதாவது கல்லூரியின் துறைத் தலைவி.

"ரெண்டு நாளா வாசப்படியில நின்னு எனக்குப் பாடம் எடுக்கறா," என்றாள் பிளாஞ்ச், மகளைக் காட்டி. "ஒரு படி ஏத்தத் துப்பில்ல."

"மேல ஏற நல்ல கால் முதல்ல, மிசஸ் குசேரா. இடுப்புல கட்டின பட்டையை நான் பிடிச்சிருக்கேன், விட மாட்டேன்," என்றாள் டார்லா.

நான்கு படி ஏறி இறங்கினாள் பிளாஞ்ச். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் ஐஸ் பை வைத்துவிட்டு டார்லா தொட்டிப் பக்கம் வந்தாள். ரெனே அங்கே நின்றிருந்தாள்.

"அந்த மார்க் தாள் இப்ப எனக்கே வருது," என்றாள் ரெனே, தரையைப் பார்த்துக்கொண்டு. "நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை. இதுவரைக்கும் ரெண்டு. பார்க்காத காலேஜுக்குத் தெரியாதுன்னு டிக் போடலாம். எல்லாத்துக்கும் அப்படித்தான் போட்டேன். உன் காலேஜுக்கு மட்டும் அடிமட்ட மார்க், ஒன்னு போட்டேன். ரெண்டு தடவையும்."

"போய்ப் பார்த்தியா?"

"இல்ல."

டார்லாவுக்குக் காது சூடேறியது. தன் உடுப்பை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு, கால் வைக்காமலே ஒன்று. திட்டத்தான் வாயெடுத்தாள். ரெனேயின் நெற்றியோரம் நரைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடிக்குக் காத்திருப்பவள்போல நின்றாள். எப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியவள்.

"பரவாயில்லைடி," என்றாள் டார்லா. "நாலு வருஷத்துக்கு ஒருதடவையாவது என்னை நெனச்சிருக்கே."

திட்டு வாங்க வந்த ரெனேக்கு இதைத் தாங்க முடியவில்லை. கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"எங்கடி கிளம்பிட்டே? என்னை இங்கேயே விட்டுட்டா?" என்றாள் பிளாஞ்ச், நாற்காலியிலிருந்து.

ரெனே இருவரையும் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள்.