ஹெட்கிளார்க்கின் சிவப்பு மை

மேச்சேரி அங்கமுத்துவின் பட்டியில் ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டிருந்தது. மாட்டு டாக்டரை அனுப்பச் சொல்லி அவன் எழுதி வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ் மனுவைத் தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் இரண்டு முறை திருப்பி அனுப்பினான். மனுவில் ஆடுகள் 'டயரிங்' என்றிருந்தது; 'டயரிங்' என்றால் களைப்பு உண்டாக்குவதாம். களைத்துப்போன ஆட்டுக்கு 'டயர்டு' என்றுதான் எழுத வேண்டுமாம். துரை படித்தால் சிரிப்பாராம். சிவப்பு மையில் சுழித்துக் காட்டினான். இங்கிலீஷைக் கரைத்துக் குடித்த இந்த மூஞ்சிக்கு ஆடு என்றால் குழம்புதான் தெரியும் என்று அங்கமுத்து மனசுக்குள் காறித் துப்பினான்.

மூன்றாம் முறை மனுவைப் படித்த ஹெட்கிளார்க் பல்லை இளித்தான். "இப்பத்தான்யா பிழையில்லாம இருக்கு. நாளைக்கே டாக்டர் வருவார்."

"வரட்டுங்க சாமி."

அங்கமுத்து தோளிலிருந்த கோணியை அவிழ்த்து, பதினெட்டு ஆட்டுத்தோல்களை மேஜைமேல் கொட்டினான்.

"இதுல எது டயரிங்கு, எது டயர்டுன்னு அவரே பாத்துச் சொல்லட்டுங்க."