கோணல் கண்ணி

"இன்னாயா வலை கட்டிக்கீற? ஒரு கண்ணிகூட நேரா இல்ல!"

வாசலில் இரண்டு கழிகளுக்கு நடுவே விரித்திருந்த வலையைப் பார்த்துத்தான் குணசுந்தரி அப்படிக் கேட்டாள். பழவேற்காட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். நண்டு அறுத்த இடங்களையெல்லாம் புருஷன் பச்சைமுத்து இரண்டு நாளாகக் குந்தி, புது முடிச்சுப் போட்டுப் பொத்தியிருந்தார். பார்த்தால், கட்டம் கட்டமாக இருக்கவேண்டிய வலை தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்து வளைந்து தெரிந்தது.

வேறு நாளாயிருந்தால் "நீ வந்து கட்டேன்மே" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார். இன்றைக்கு எழுந்துபோய் முடிச்சுகளை விரலால் தடவினார். மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

"எனக்கு ஒண்ணும் புரிபடல. உனுக்குத்தான் கண்ணு பளிச்சுனு கீது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கத்தியை எடுத்து, கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் மணல்திட்டு தெரியாமல் படகை ஏற்றிவிட்டார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் பிரவீன் கறாராகச் சொல்லிவிட்டான்: "ஆபரேஷன் பண்ணிக்க நைனா. இல்லனா படகுல ஏறாத." அதற்கு இவர் சொன்ன பதில், "உங்கம்மாவுக்குப் பண்ணிக்கீறாங்க இல்ல? அது மொதல்ல தேறட்டும், அப்பறம் பாக்கலாம்." அம்மாவின் புரைக்கு லேசர்தான் என்று பிரவீன் பிடிவாதமாக நின்று, சென்னையில் வலது கண்ணில் பண்ணி ஒரு மாதம் தாண்டியிருந்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் இவருடைய இரண்டு கண்ணும், படகும்.

கூடையைக் கவிழ்த்துவிட்டுக் குணசுந்தரி நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக் கதவு நிலை இடுப்பொடிந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் கரண்டுக் கம்பம் பாம்பாக வளைந்திருந்தது. வலது கண்ணைப் பொத்தினாள். புரை இன்னும் அதிகம் முற்றாத இடது கண்ணில் எல்லாம் மங்கலாக, ஆனால் நேராக நின்றது. வலையைப் பார்த்தாள். மங்கலாக, நேராக.

சொல்லாமல் விட்டால் என்ன? கண் மங்கிக் கைவேலையே போய்விட்டது என்று பயந்தாவது மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஆபரேஷன் பண்ணிய கண்தான் கோணல் என்று சொன்னாலோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள். கத்தி அடுத்த முடிச்சுக்குப் போயிற்று. எத்தனை வருஷம் வலை கட்டிய கை அது!

"யோவ், அறுக்காத. வலை நேராத்தான் கீது. என் கண்ணுதான் கோணல்."

பக்கத்து வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கஸ்தூரியம்மாள் விடுவாளா? "நான் கண்ணு முகாம்ல சாதாரணமா பண்ணிக்கினேன், ஊசியில நூலு கோக்குறேன். மகாராணிக்கு லேசரு கேட்டுச்சு!"

பச்சைமுத்து கத்தியை மடக்கினார். 'லேசரு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்' என்று வரப்போகிறது என்று குணசுந்தரி காத்திருந்தாள்.

"பொடவைய மாத்து. பஸ்ஸு போயிடப் போவுது" என்றார்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண். கண்ணில் மருந்து விட்டு, கருவியில் படம் எடுத்து, நிதானமாகப் பார்த்தாள். பச்சைமுத்துவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"லேசரால ஆச்சாமா? சாதாரணமா பண்ணியிருந்தா வந்திருக்காதா?"

"அப்படிச் சொல்லமுடியாதுங்க ஐயா. எதுல பண்ணாலும் லென்ஸ் கண்ணுக்கு முன்பக்கம் இருக்கு. இது பின்னாடி, விழித்திரை. அங்க கொஞ்சம் நீர் கோத்து வீங்கியிருக்கு. ரெண்டு முறையிலயும் சில பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் சொட்டு மருந்துலயே வடிஞ்சிடும், பயப்படாதீங்க. வீட்ல கட்டம் கட்டமா ஏதாச்சும் இருந்தா, தினமும் ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்கம்மா. நெளிவு ஜாஸ்தியானா ஒடனே வரணும்."

"வலை கீது" என்றார் பச்சைமுத்து.

அதற்குப்பிறகு அந்த வலை தண்ணீரில் இறங்கவில்லை. வேறு வலையை எடுத்துக்கொண்டு, திட்டுப் பக்கம் போகாமல், கரையை ஒட்டியே வீசிவிட்டு வந்தார். தினமும் காலையில் சொட்டு மருந்து விட்டதும் அவளை வலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்.

"இன்னிக்கு?"

"கடல் அலை மாதிரி கீது."

சில நாள் போய்க் கேட்டபோது, "ஏரி அலை மாதிரி" என்றாள். கஸ்தூரியம்மாளும் மீன் ஆய்வதை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு இன்னா அலைடி?" என்று கேட்கத் தொடங்கினாள்.

வாடைக்காற்று எழும்பிய ஒரு காலை. குணசுந்தரி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கதவு நிலை நிமிர்ந்திருந்தது. வலையில் கண்ணிகள் வரிசை வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல ஒழுங்காக நின்றன.

"நேராயிடுச்சுயா. இதோ, இந்த மூலையில மட்டும் ஒண்ணு இழுத்துக்கினு கீது."

"எந்தக் கண்ணுக்கு?"

கையை மாற்றிப் பொத்திப் பார்த்தாள். "ரெண்டுக்கும்."

அவர் வந்து அந்தக் கண்ணியைத் தடவினார். இரண்டு விரலை உள்ளே விட்டு அகலம் பார்த்தார். பக்கத்துக் கண்ணியிலும் விட்டுப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது அவருக்கு.

"இது உன் கண்ணு இல்லமே. இது நான் கட்டுன கோணல்."

ஏரியில் படகுகள் முகத்துவாரத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பச்சைமுத்து வலை ஊசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, படகுகள் பக்கம் திரும்பி, அவளைப் போலவே உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்தினார். "ரெண்டுலயும் படகே தெரிலமே, பிரவீனுக்குப் போன் போடு" என்றார்.