எட்டு அரளிச் செடிகளும் நான்கு வாளிகளும்

கதை எழுதிப் பழக்கமில்லாதவள் நான். இதனை வாசிக்க முன்வந்தவர்கள் சொல்லிலோ முறையிலோ குறை கண்டால் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டுகிறேன். நேர்ந்தவற்றை நேர்ந்த வரிசையிலேயே சொல்வதைத் தவிர வேறு சாமர்த்தியம் என்னிடம் இல்லை.

நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம், வீட்டுக்காரர் மாடியில். எங்கள் ஜன்னலுக்கும் தெருச்சுவருக்கும் நடுவே கொஞ்சம் வெற்று நிலம் கிடந்தது. ஒருநாள் படியில் நின்றபடியே அவர் சொன்னார்:

“ஏம்மா, இங்க சும்மா புழுதிதான் பறக்குது. சிமெண்ட் போட்டு காரை நிறுத்திக்கலாம்னு இருக்கேன்.”

அந்த ஜன்னலை ஒட்டித்தான் மாமனாரின் கட்டில். அவருக்கு மூச்சிரைப்பு. காரின் புகை நேரே அவர் தலைமாட்டுக்கு வரும் என்று நினைத்தபோது, எப்போதும் வராத துணிச்சல் எனக்கு வந்தது.

“சார், தயவுசெஞ்சு இந்தக் கோடை முடியறவரைக்கும் பொறுத்துக்கங்க. அங்க பச்சையா ஏதாவது நிக்க வைக்கிறேன்.”

“தண்ணி லாரியே எப்பவாவதுதான் எட்டிப் பாக்குது. என்னத்தம்மா நிக்கும்?”

“அரளி நிக்கும் சார்.”

“நிக்கலைன்னா சிமெண்ட்தான். அப்புறம் கண்ணைக் கசக்கக் கூடாது.”

பாலத்தடியில் வெட்டிப் போட்டிருந்த அரளிக் கிளைகளைக் கொண்டுவந்து, சமையலறை ஜன்னலில் பாட்டில் தண்ணீரில் வைத்து வேர்விடச் செய்தேன். எட்டு பிழைத்தன. நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டேன். பிறகு மாமனார், கணவர், நாத்தனார் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்:

“இனிமே ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது. அரளி வறட்சியைத் தாங்கும். கிளையை ஒடிச்சா வர்ற பால் விஷம், அதனால யாரும் கைவைக்கவும் வேண்டாம்.”

“பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடற மாதிரி இருக்கு” என்று மாமனார் முணுமுணுத்தார்.

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு வாளி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அவரவர் பங்கு அவரவருக்கு. யாரும் கடன் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை.

வெயில் ஏறியது. அடியிலைகள் மஞ்சளாயின. பழகினால் சரியாகிவிடும் என்று நான் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். மேலும் மஞ்சளாயின. அதே நாட்களில் மாமனாருக்குத் தாடி வளர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் என் கணவர் முழங்கை வரை கிரீஸோடு சாப்பிட உட்கார்ந்தார். நாத்தனாரின் தலை எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. கோடைச் சோம்பல் என்றே எண்ணினேன்.

ஒருநாள் காலையில், மூன்றாவது செடியின் அடியில் ஒரு செருப்பு சேற்றில் புதைந்து நின்றது. மழையே இல்லாத ஊரில் சேறு! தோண்டினேன். மண் பிசைந்த மாவு போலிருந்தது. வேர் பழுப்பேறி நாறியது.

“இது யாரோட செருப்பு?”

“என்னோடதுதாம்மா” என்றார் மாமனார். “சவரத் தண்ணியை மட்டும்தான் ஊத்தினேன். நீ கல்நெஞ்சா இருக்கியேன்னு...”

“அப்பா, நீங்களுமா?” நாத்தனார் வாயில் கைவைத்தாள். “நான் தலைக்கு ஊத்திக்கிற தண்ணியை ஊத்தினேன் அண்ணி. மனசு கேக்கல.”

கணவர் கிரீஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னங்க?”

“கையில கிரீஸ் இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு...”

“குடி முழுகலைங்க. செடிதான் முழுகிடுச்சு.”

அந்தக் களிமண்ணில் நான் தோண்டிய குழிகள் பானைகளாகத் தண்ணீரைத் தேக்கிவைத்திருந்தன. அழுகலால் வந்த மஞ்சளைத் தாகமென்று எண்ணி, மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார்கள்.

“ஆளாளுக்குத் தியாகம் பண்ணி, கூட்டா ஒரு கொலை பண்ணியிருக்கோம்” என்றாள் நாத்தனார்.

அழுவதற்கு நேரமில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எட்டையும் பெயர்த்தேன். அழுகிய வேர்களை வெட்டினேன். தெருமுனையில் இடித்த கட்டடத்தின் செங்கல் உடைசலையும் மணலையும் கணவர் கைவண்டியில் இழுத்துவந்தார். ஒரு சக்கரம் வழியிலேயே கழன்றது. தண்ணீர் வடியும்படி மேடு கட்டி, செடிகளை மறுபடி நட்டோம். மாமனார் நாற்காலியில் அமர்ந்து, எல்லாம் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரளிப்பால் பட்ட கைகளைக் கழுவவே அன்றைய வாளிகள் காலியாயின.

மறுநாள் முதல் தண்ணீர் மொள்ளும் குவளைகளை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கேட்டு வாங்கிக் குளித்தார்கள்.

“ஜெயில்லகூட குவளை குடுப்பாங்கம்மா.”

“ஜெயில்ல அரளி இல்ல மாமா.”

கோடை முடிவில் வீட்டுக்காரர் கொத்தனாரோடும் அளவு நாடாவோடும் வந்தார். ஜன்னலோரம் மூன்று செடிகள் பச்சையாக நின்றன; ஒன்றில் சிவப்பாய் ஒரு கொத்து.

“மூணுதாம்மா நிக்குது.”

“நிக்குது சார்.”

அவர் குனிந்து பூவைப் பார்த்தார். பிறகு கடைசிச் செடிக்கு அப்பால் நாடாவை வைத்தார். “இங்கேர்ந்து அளங்கப்பா.”

“சார், கோவிச்சுக்காதீங்க. காரோட பின்பக்கம் தெருவைப் பாத்து இருக்கட்டும்.”

“அதையும் நீயே சொல்லிட்டியா? சரி, இருக்கட்டும்.”

மாமனார் உள்ளிருந்து ஜன்னலைத் திறந்தார்.

இழந்தவை: ஐந்து அரளிச் செடிகள், பாதி நிலம், கைவண்டியின் ஒரு சக்கரம், மாமனாரின் இடதுகால் செருப்பு.