கம்பெனிக்குள்ளேயே முடித்த விவகாரம்

மூத்த சார்ஜென்ட் ப்ரூயிட் ஒரு டப்பா டோனட்டை மேசைமேல் வைத்தபோதே ஒடெட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அமெரிக்காவின் கேன்சாஸில் இருந்த அந்த ராணுவ முகாமில், அவள் வேலை பார்த்த குடும்ப வன்முறைத் தடுப்பு அலுவலகத்துக்கு யாரும் காரியம் இல்லாமல் இனிப்போடு வருவதில்லை.

சனிக்கிழமை முகாம் குடியிருப்பில் ஹாஸ்கின்ஸ் என்ற படைவீரனின் வீட்டில் பெரிய ரகளை. பாத்திரம் உடைந்தது, குழந்தை அலறியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒடெட்டுக்குப் போன் செய்ய, ஒடெட் முறைப்படி அவனுடைய படைப்பிரிவுக்கு, அதாவது ப்ரூயிட் பொறுப்பில் இருந்த கம்பெனிக்குத் தகவல் சொன்னாள்.

"அவனை நானே கவனிச்சிட்டேன் மேடம். ஞாயித்துக்கிழமை பூரா வண்டி ஷெட்டைத் தேய்க்க விட்டேன். அழுதுட்டான். இனிமே கை நீட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணான்," என்றார் ப்ரூயிட். "அடுத்த வாரம் அவனுக்குப் பதவி உயர்வு நேர்காணல். இதைப் பெருசு பண்ணாதீங்க. கம்பெனிக்குள்ளயே முடிஞ்சு போச்சு."

"அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? வீட்டுக்கே போனேன். தட்டு கை தவறி விழுந்துச்சுன்னு சொன்னா."

"அப்போ அவன் எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான் நின்னான்."

"நல்லா கேட்டீங்க போங்க!" ஒடெட்டுக்கு எரிச்சல் வந்தது. "அதோட, நாள் பூரா அவனைப் பிழிஞ்செடுத்து வீட்டுக்கு அனுப்பினீங்களே, அந்தக் கோபத்தை அவன் யார் மேல இறக்கியிருப்பான்?"

ப்ரூயிட்டுக்கு முகம் சிவந்தது. இருபது வருடமாகப் பையன்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பெண் தனக்குப் பாடம் எடுப்பதா என்று விருட்டென்று எழுந்தார். ஒடெட்டும் விடாமல் வாசல்வரை கூடவே வந்தாள்.

எதிரே கம்பெனிக் கட்டடத்தின் முன்னால் ஹாஸ்கின்ஸை அழைத்துப்போக அவன் மனைவி டெஸ்ஸா வந்திருந்தாள். நான்கு வயது மகன் மைக்கா கார் கதவருகே நின்றான். ஹாஸ்கின்ஸ் சிரித்த முகமாகத்தான் அவர்களிடம் வந்தான். அந்த நேரம் பார்த்து மாலை எக்காளம் ஒலித்தது. கொடி இறங்கி முடியும்வரை முகாமில் ஒருவரும் அசையக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த கார்கள் நின்றன. எல்லோரும் கொடியின் பக்கம் திரும்பினார்கள்.

சல்யூட் அடிக்க ஹாஸ்கின்ஸ் வலது கையை உயர்த்தினான். பக்கத்தில் நின்ற மைக்கா சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கார்ச் சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டான்.

டெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டாள். சல்யூட்டில் நின்ற ப்ரூயிட்டால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண் மட்டும் அந்தக் குழந்தையை விட்டு நகரவில்லை. எக்காளம் ஓயும்வரை மைக்கா நிமிரவே இல்லை.

ஒலி நின்றதும் ப்ரூயிட் நேராக அங்கே போனார்.

"ஹாஸ்கின்ஸ், நீ இன்னிக்கு வீட்டுக்குப் போகக் கூடாது. பாசறையில படு. கேப்டன்கிட்ட எழுத்துல உத்தரவு வாங்கித் தரேன். உள்ள போ."

"சார்ஜென்ட், நான் ஒண்ணுமே..."

"உள்ள போன்னேன்!"

அவன் போனபின் ஒடெட் டெஸ்ஸாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முந்தியெல்லாம் என்னைத்தான் அடிப்பார்," என்றாள் டெஸ்ஸா மெதுவாக. "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷெட்டுலருந்து வந்ததும் இவனை..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றினார். தான் கொடுத்த தண்டனை எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவர் பதவி உயர்வு போயிடுமா சார்ஜென்ட்?"

"போனாலும் போகட்டும்மா. வீட்டுல விழற அடியை மூடி மறைச்சா யார் மானமும் தங்காது. அடி அடுத்த ஆள் மேல விழும், அவ்வளவுதான். வெளியில சொல்றவங்க குடும்பத்தைக் கெடுக்கல. வாயை மூடுன்னு சொன்னோமே, என்னை மாதிரி ஆளுங்க, நாங்கதான் கெடுத்தோம்."