பதினேழாவது வார்டின் உயரம்

பதினேழாவது வார்டில் குடியிருந்த ஆறாயிரத்து நானூறு பேரும் ஒன்பது வருடங்களில் ஆளுக்கு நாலு விரற்கடை குள்ளமாகிப் போனார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் வார்டு மருந்தகத்தின் நர்ஸம்மா. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களைச் சுவரோரம் நிறுத்தி உயரம் குறிப்பது அவர் வேலை. எண்கள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து, சுவரில் வரைந்திருந்த அளவுகோல்தான் நகர்ந்துவிட்டது என்று நினைத்துத் தச்சரை வரவழைத்தார். தச்சர் நாடாவைப் பிடித்து இரண்டு தடவை அளந்துவிட்டு, கோடு சரியாகத்தான் இருக்கிறது, ஆட்கள்தான் சரியில்லை என்று சொல்லிப் போனார். அன்று மத்தியானம் நர்ஸம்மா பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்தார். சாலையை அகலப்படுத்தப் பதினோரு மரங்களை வெட்டிய மாதம் ஒரு விரற்கடை போயிருந்தது. பள்ளி மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பிய வருடம் இன்னொன்று. குளத்தை மூடிக் கடைகள் கட்டியபோது ஒன்று, நாற்சந்திப் புல்வெளியில் விளம்பரப் பலகை நட்டபோது ஒன்று. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த சலவைக்காரர் மனைவி மட்டும் பழைய உயரத்தில் திரும்பி வந்து, இரண்டே மாதத்தில் மற்றவர்களோடு சமமானார்.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கால்சட்டைகளை மடித்துத் தைத்தார்கள், அலமாரியின் மேல்தட்டைக் காலியாக விட்டார்கள். தூக்கம் கெட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள், மாத்திரை வாங்குகிற வரிசை தெருமுனை வரை நீண்டது. நர்ஸம்மாவின் கணவர் பேருந்து ஓட்டுநர். பிரேக் எட்டாமல் செருப்புக்கு அடியில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் வண்டி ஓட்டினார். பணிமனை மேலாளர் கட்டையைப் பார்த்துவிட்டு அவரை டிக்கெட் கட்டுகளை எண்ணும் அறையில் உட்கார வைத்தார்.

"நான் ஒண்ணும் குறையல. சீட்டைத்தான் பின்னாடி தள்ளி வச்சிட்டானுங்க," என்றார் அவர், வீட்டுக்கு வந்து.

"சரிங்க, சீட்டுதான். கொஞ்சம் சுவரோரமா நில்லுங்க, பாத்துடறேன்," என்றார் நர்ஸம்மா. அவர் நிற்க மறுத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டிய மனிதரின் கால் கட்டில் விளிம்புக்கு நாலு விரற்கடை முன்னாலேயே முடிந்துவிட்டதைப் பார்த்தபோதுதான் நர்ஸம்மாவுக்கு வைராக்கியம் பிறந்தது.

வார்டில் மிச்சமிருந்த ஒரே காலியிடம் இடிந்த பஞ்சுக் கிடங்கு நின்ற மனை. புல்லும் புதருமாகக் கிடந்த அந்த இரண்டு ஏக்கரில் ஆறு மாடி வாகன நிறுத்தம் வரப்போவதாகப் பலகை வைத்திருந்தார்கள். நர்ஸம்மா பதிவேடுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாநகராட்சியின் ஐந்தாம் மாடிக்குப் போனார். நகரமைப்பு அதிகாரி பொறுமையான மனிதர். எல்லா எண்களையும் பார்த்தார், எதையும் மறுக்கவில்லை.

"விதிப்படி ஆளுக்கு இவ்வளவு சதுர மீட்டர் பசுமை இடம் இருக்கணும். ஆனா அந்த விதி முழு உயர ஆளுக்கு எழுதினதும்மா. உங்க வார்டுல ஆளுங்க சின்னதாயிட்டாங்கன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அப்போ இருக்கிற இடமே தாராளம்."

"அடுத்த வருஷம் இன்னும் குறைவோம். அப்போ பூந்தொட்டி ஒண்ணு குடுத்து பார்க்குன்னு சொல்லுவீங்களா சார்?"

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முதல் வியாழக்கிழமைகளில் நர்ஸம்மா மருந்தகத்தையே மனைக்கு மாற்றினார். வார்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் முகாம் போட அவருக்கு அதிகாரம் இருந்தது. தார்ப்பாயும் மேசையும் உயரம் அளக்கும் கம்பியும் வந்தன. வரிசையில் நின்றவர்கள் சும்மா நிற்க முடியாமல் குப்பை பொறுக்கினார்கள், பிறகு கன்று நட்டார்கள், வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். ஒரு காலைப் பொழுதை அங்கே கழித்தவர்கள் அரை நகக்கண் அளவு உயர்ந்து வீடு திரும்பினார்கள். சனிக்கிழமைக்குள் அது கரைந்துவிடும். ஆகவே நர்ஸம்மா செவ்வாயிலும் முகாம் போட்டார், பிறகு தினமும் போட்டார். இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு முறையும் நான்கு பக்கம் பதில் எழுதினார். கணவர் முதல் மாதம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் மனைவிக்குச் சாப்பாடு கொண்டு வருகிற சாக்கில் வந்து, பாத்திரம் காலியாகும் வரை என்று உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

வாகன நிறுத்தத்துக்கான கருத்துக் கேட்பை அதே இடத்தில்தான் நடத்த வேண்டும் என்பது சட்டம். அதிகாரி காலை எட்டு மணிக்கு வந்தார். ஆயிரத்து இருநூறு பேர் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பழைய உயரத்தையும் புதிய உயரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் நர்ஸம்மாவின் முறை வந்தது.

"உங்க சர்வீஸ் புக்குல உங்க உயரம் என்ன போட்டிருக்கு சார்?"

"நூத்தி எழுபத்தி ரெண்டு."

"செருப்பைக் கழட்டிட்டு இப்படி வந்து நில்லுங்க."

அவர் நின்றார். கம்பி நூற்று அறுபத்தாறு காட்டியது. ஐந்தாம் மாடியைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமும் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதிகாரி சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார். வீட்டில் மனைவி வருடா வருடம் ஓர் அளவு குறைத்துப் புதுச் சட்டை எடுத்துத் தருவதன் காரணம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "என் பொண்ணு போன மாசம் சொன்னா, நான்தான் திட்டிட்டேன்," என்று மெல்லச் சொன்னார். அங்கேயே மேசையில் உட்கார்ந்து ஆணையை எழுதினார். பசுமை இடத்தைக் கணக்கிடும்போது மக்கள் இப்போது இருக்கும் உயரத்தை அல்ல, இருந்திருக்க வேண்டிய உயரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஒரே வரி. அந்த வரியின்படி கணக்குப் போட்டதில் மனை போதவில்லை. நாற்சந்தியும் பள்ளி மைதானத்தில் பாதியும் திரும்பி வந்தன. அதற்கு நான்கு வருடமும் மூன்று வழக்கும் ஆயின. ஒரு விசாரணை நாளைக்கூட நர்ஸம்மா தவறவிடவில்லை. வயதானவர்கள் சிலர் இழந்ததை முழுதாகப் பெறவே இல்லை. ஓட்டுநர் மூன்றாவது வருடம், கட்டை இல்லாத செருப்போடு, காலை ஆறரை மணி வண்டியை எடுத்தார். முதல் நிறுத்தத்தில் தேவைக்கு மேல் அழுத்தமாகப் பிரேக் போட்டதாகப் பயணிகள் குறைபட்டுக்கொண்டார்கள்.

மறு வருடம் இருபத்திரண்டாவது வார்டிலிருந்து ஒரு தையற்காரரும் அவர் தங்கையும் பூங்கா கேட்டு மாநகராட்சிக்கு வந்தார்கள். கவுண்டரில் இருந்த குமாஸ்தா விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். பெயர், முகவரி, முந்தைய உயரம், தற்போதைய உயரம் எல்லாம் நிரப்பியிருந்தது.

"அங்குலத்துல எழுதியிருக்கீங்களே. சென்டிமீட்டர்ல எழுதணும்," என்று பேனாவை நீட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.