கொஞ்சம் வடக்கு

எங்கள் மருத்துவமனையின் பழைய கட்டிடம் தெருவுக்குக் கோணலாக நிற்கிறது. தெரு நேராக வடக்கே போகிறது. கட்டிடம் அதோடு ஒத்துழைப்பதில்லை. மூலையில் வேன் நிறுத்த வருகிறவர்கள் கட்டியவனைத் திட்டிக்கொண்டுதான் நிறுத்துகிறார்கள்.

கட்டியவன் தெரியாமல் செய்யவில்லை. நூறு வருடங்களுக்கு முன் கிழக்கு லண்டன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள் பலர் முஸ்லிம்கள். அவர்கள் நோயில் விழுந்தால் படுக்க வைக்க அரசாங்கம் இதைக் கட்டியது. வாசலில் குதிரை லாடம் போல ஒரு வளைவு. அதற்கு மேல் பச்சை ஓடு பதித்த சிறிய குவிமாடம். உள்ளே நுழைந்ததும் கைகால் கழுவ நீளமான ஒரு கல்தொட்டி. வரவேற்பறையில் கிடைக்கும் துண்டுப் பிரசுரம் இதையெல்லாம் பெருந்தன்மை என்கிறது. வாசல் கதவின் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது என்பதையும் அதே பிரசுரம் சொல்கிறது, சிறிய எழுத்தில்.

கோணலுக்குக் காரணம் கட்டில்கள். நீண்ட வார்டில் எல்லாக் கட்டில்களின் தலைமாடும் ஒரே சுவரோடு இருக்கும். கட்டிலில் எழுந்து உட்காரும் நோயாளி நேரே பார்த்தால், அது மக்காவின் திசை. தொழுவதற்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்காக முழுக் கட்டிடத்தையும் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

நான் அங்கே வேலை செய்கிறேன். இயற்பியல் படித்தவள். எம்.ஆர்.ஐ. ஸ்கானர்களின் காந்தம் எங்கெங்கே எவ்வளவு பரவுகிறது என்று அளப்பது என் வேலை. காந்தம் பேசாது என்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

போன நவம்பரில் அம்மாவை அந்தப் பழைய கட்டிடத்தில்தான் சேர்த்தார்கள். பித்தப்பையில் கல், அது வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. வியாழக்கிழமை சத்திரசிகிச்சை என்றார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கட்டிலைக் காட்டியதும் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"உது வடக்கு," என்றாள். "நான் வடக்கை தலை வைச்சுப் படுக்க மாட்டன்."

எங்கள் வீடு இருக்கும் குட்மேய்ஸிலிருந்து வந்த பஸ் எந்தப் பக்கம் திரும்பியது, தெரு எந்தப் பக்கம் போகிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். அதோடு அவளிடம் விஞ்ஞான ஆதாரமும் இருந்தது. கணேசலிங்கம் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியது. வடக்கே தலை வைத்தால் பூமியின் காந்தம் இரத்தத்தில் உள்ள இரும்பை மூளைப் பக்கம் இழுக்குமாம். பூமியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய காந்தத்துக்குள் நாங்கள் தினமும் ஆட்களை அனுப்பி, முழுதாகத் திருப்பி எடுக்கிறோம். இதை அம்மாவுக்குச் சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இரண்டு இரவுகள் அம்மா கதிரையில் இருந்தாள். சேலைன் குழாயும் அவளும் நிமிர்ந்தபடி. நித்திரை இல்லாமல் இரத்த அழுத்தம் ஏறியது. இது இறங்காவிட்டால் வியாழக்கிழமை செய்ய முடியாது, அடுத்த தேதிக்குச் சில வாரங்கள் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை பித்தப்பை பொறுக்குமா என்று கேட்டேன். பொறுக்கலாம் என்றார்.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்கு முதல் நாளே தெரியும். வார்டின் பொறுப்பு நர்ஸ் பெலிசிட்டியிடம் போய், கட்டிலைக் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று கேட்க வேண்டும். ஒரு வாக்கியம். லிப்டில் அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'அம்மா', 'தலை', 'வடக்கு' என்ற மூன்றும் சேர்ந்து வரும் ஒரு வாக்கியத்தை, இயற்பியல் படித்த பெண் ஒருத்தி நிமிர்ந்து நின்று சொல்வது எப்படி என்று தெரியவில்லை. முதல் தடவை போய்ப் பேனை கேட்டேன். இரண்டாம் தடவை நேரம் கேட்டேன்; பெலிசிட்டியின் தலைக்கு மேல் கடிகாரம் தொங்கியது. மூன்றாம் தடவை சிரித்துவிட்டு வந்தேன்.

கேட்பதற்குப் பதிலாக அளந்தேன்.

போனில் காம்பஸ் இருக்கிறது. தலைமாடு வடக்கு இல்லை என்று நிரூபித்தால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவின் தலையணையில் போனை வைத்தேன். தெற்கு என்று காட்டியது. படுப்பதற்கு அதைவிட நல்ல திசை கிடையாது. நான் ஒழுங்கானவள் என்பதால் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே தலையணையில்.

அம்மா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படுத்தாள். சில நிமிடங்களில் குறட்டை கேட்டது. விஞ்ஞானம் ஒரு குடும்பத்துக்கு இப்படி உதவி நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஜெசீமா அன்ரி இருந்தார். மன்னார்க்காரர். ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். நீரிழிவால் காலில் ஆறாத புண். நிலத்தில் காலூன்ற முடியாது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தொழுவார். இந்தக் கட்டிடம் தனக்காகவே கட்டினது போல இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா படுத்ததும் அவர் கணக்கைத் தொடங்கிவிட்டார்.

"மகள், தலைமாடு தெற்கெண்டால் கால்மாடு வடக்கு. அப்ப நான் இவ்வளவு நாளும் ஸ்கொட்லாந்தைப் பார்த்தே தொழுதனான்?"

இருங்கள், சரி பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. அதை ஊரார் நல்ல குணம் என்று நினைக்கிறார்கள்.

"ஓம் அன்ரி," என்றேன்.

அந்த ஓம் என்னைவிட வேகமாக நடந்தது. அன்ரி மகனுக்குச் சொன்னார். மகன் மருத்துவமனை மௌலவிக்குச் சொன்னார். மௌலவி எனக்கு மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார்: ஒரு விஞ்ஞானி அளந்து சொல்வதால் பிரசுரத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது, தயவுசெய்து உங்கள் அளவீட்டை இரண்டு வரிகளில் எழுதித் தர முடியுமா. யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார அரசாங்கம் கப்பல் தொழிலாளிகளுக்கு ஒன்றைக் கட்டியது, அதையும் பிழையாகக் கட்டியது என்றால் உடனே நம்பக்கூடியதாக இருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் அம்மாவைப் பார்க்கப் போனேன். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இப்படியே இருந்தால் நாளை செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா திரும்பவும் நித்திரை.

ஜெசீமா அன்ரி தொழுகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என் கணக்குப்படி மக்கா இப்போது தலைமாட்டுச் சுவர்ப் பக்கம். அதற்கு அவர் கட்டிலிலேயே முழுதாகத் திரும்ப வேண்டும். ஒரு நர்ஸ் தோளைப் பிடித்தார். அன்ரி இரண்டு கைகளாலும் தன் காலைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். வைக்கும்போது அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையணைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து தொழுதார்.

அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மௌலவிக்கு எழுதுமுன் இன்னொரு தடவை அளக்கலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே வார்டை விட்டு நடந்தேன். தாழ்வாரத்தில் ஊசி மெல்லச் சுழன்றது. வாசலுக்கு வந்தபோது முற்றிலும் வேறு திசையைக் காட்டியது. திரும்பி வார்டுக்குள் போனேன். மறுபடி சுழன்றது.

தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தின மாதம் பொருத்திய புது ஸ்கானர் இருக்கிறது. அதன் அறைக்குள் தரையில் மஞ்சள் எச்சரிக்கைக் கோட்டை ஒட்டியது நான். சுவருக்கு இந்தப் பக்கம் நோயாளிகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று அளந்து கையெழுத்துப் போட்டதும் நான். அது உண்மைதான். அங்கே வரும் மிச்சக் காந்தம் இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரைக்கூட ஒன்றும் செய்யாது. ஒரு போன் காம்பஸைப் பைத்தியமாக்க அது தாராளம்.

சூரியனைப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். லண்டன், நவம்பர். வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். அதுவும் அதே போனில்தான் இருந்தது.

இப்போது திறந்தேன். கட்டிடம் தென்கிழக்கே, மக்காவை நோக்கிச் சரியாகவே நின்றது. பிழை விட்டது நான் மட்டும்.

தாழ்வாரத்தில் நின்று யோசித்தேன். அன்ரியிடம் உண்மையைச் சொன்னால் பக்கத்துக் கட்டிலில் அம்மாவுக்குக் கேட்கும். தலைமாடு தெற்கு இல்லை என்று தெரியும். ஏன் தெற்கு என்று காட்டியது என்று கேட்பாள். தலையணைக்குப் பின்னால் ஒரு பெரிய காந்தம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். பிறகு அம்மா படுப்பாளா? ஆங்கிலத்தில் சொல்லலாம் என்றால், அம்மா இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாக ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிக்கிறாள். நாளை சத்திரசிகிச்சை முடிந்த பிறகு சொல்லலாம். அதுதான் புத்தியான வழியாகத் தோன்றியது. அதற்குள் அன்ரி எத்தனை தடவை காலைத் தூக்கி மறுபக்கம் வைப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது; எண்ணிய பிறகு அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போனேன்.

"அன்ரி, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். கட்டிடம் சரி. நீங்கள் முதல் இருந்த மாதிரியே இருந்து தொழுங்கோ. உங்களை வீணாய் நோகப் பண்ணிப்போட்டன்."

நித்திரையில் இருந்த அம்மா கண்ணைத் திறந்தாள். "என்ன பிழை?"

"சுவருக்கு அங்காலை ஸ்கானர் இருக்கு, அம்மா. அதின்ரை காந்தம் போனை மாத்திப்போட்டுது."

"எந்தச் சுவர்?"

காட்டினேன். அம்மா படுத்தபடியே தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள். பிறகு தலையணையைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா சொன்னது பூமியிலை கிடக்கிற காந்தம்," என்றாள். "நீ எனக்கெண்டு தனியாய் ஒண்டு வைச்சிருக்கிறாய்."

ஜெசீமா அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அக்கா, படிப்பிச்ச காசு வீண்போகேல்லை," என்றார்.

அது ஆளை ஒன்றும் செய்யாது, நானே அளந்து பார்த்தேன் என்றேன். 'நானே அளந்து பார்த்தேன்' என்பது அந்த நேரத்தில் உதவுகிற வாதமாக இருக்கவில்லை.

"இப்ப என்ரை தலை எந்தப் பக்கம்?"

"மேற்கு, அம்மா." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் வடக்கு."

"கொஞ்சம் எண்டால்?"

கையால் காட்டினேன். அம்மா சேலைன் குழாயைத் தூக்கிக்கொண்டு கதிரைக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் வடக்கும் வடக்குத்தான் என்பது அவள் முதுகில் தெரிந்தது.

இனி அளக்க எதுவும் இல்லை. பெலிசிட்டியிடம் போனேன். பேனை கேட்கவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. வேறு என்னவோ வந்தது. என் அம்மாவைத் திருப்ப வேண்டும் என்றேன். பிறகு கட்டிலை என்றேன். பிறகு வடக்கு, காந்தம், மக்கா, ஸ்கொட்லாந்து எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. காது இரண்டும் கொதித்தன.

பெலிசிட்டி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு என்று மட்டும் கேட்டார். வந்து காலால் பிரேக்கைத் தட்டினார். கட்டிலுக்குச் சில்லு இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். இருவருமாகக் கால்மாட்டைத் தள்ளினோம். தலைமாடும் சுவரை விட்டு ஒரு பக்கம் விலகியது. சுவரிலிருந்து வரும் ஒட்சிசன் குழாய்க்கும் நீளம் போதும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே ஒவ்வொருவரும் கட்டிலைத் திருப்பச் சொல்வார்கள் என்றார் பெலிசிட்டி. ஒருவருக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு மாமியாரைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இரண்டு நாளாக உன் அம்மா ஏன் கதிரையில் இருக்கிறார் என்று கேட்டேனே, அவருக்குக் கதிரைதான் பிடிக்கும் என்றாயே என்றார். சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லை.

இப்போது அந்த முழுக் கட்டிடத்திலும் தெருவுக்குக் கோணல் இல்லாமல், நேர் குறுக்காக நின்ற ஒரே பொருள் அம்மாவின் கட்டில்தான். அவளுடைய தலை மேற்கே இருந்தது. வரைபடத்தைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் அதைத் தன் பாட்டுக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

"இரவிலை உந்தக் காந்தத்தை நிப்பாட்டுவினமோ?"

"நிப்பாட்ட ஏலாது, அம்மா. எப்பவும் ஓடிக்கொண்டிருக்கும்."

அவள் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். வேண்டாம் என்பாளோ என்று நின்றேன். "சரி, இவ்வளவு நேரமும் படுத்துக் கிடந்திட்டன் தானே," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

கட்டில் திரும்பியதில் அம்மாவின் கால் ஜெசீமா அன்ரியின் பக்கம் நீண்டுவிட்டது. சாயங்காலத் தொழுகை நேரம் வந்தது. அன்ரி யாரையும் கூப்பிடவில்லை. தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். தொழுது முடியும்வரை அம்மா நித்திரைக் கண்ணோடு முழங்காலை மடக்கி வைத்திருந்தாள்.

மௌலவிக்கு எழுதினேன்: கட்டிடம் சரி, நான் பிழை. அவர் உடனே நன்றி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், இதை நீங்களே அவர்களுக்குச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அந்த மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை அம்மாவின் இரத்த அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. டாக்டர் அந்தக் கொஞ்சத்தை ஏற்றுக்கொண்டார். தள்ளுகட்டிலோடு சத்திரசிகிச்சை அறை வாசல் வரை போனேன். தாழ்வாரங்கள் பல பக்கம் திரும்பின. அம்மா ஒவ்வொரு திருப்பத்தையும் கவனித்துக்கொண்டு வந்தாள். வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"உள்ளுக்கை மேசை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கு?"

"தெரியாது, அம்மா," என்றேன். "கேட்டுச் சொல்லட்டே?"

உண்மையிலேயே கேட்டிருப்பேன். மயக்க மருந்து டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் அவர் பக்கம் திரும்பியும் விட்டேன். அம்மா என் கையை இழுத்தாள்.

"வேண்டாம் பிள்ளை. அங்கை மயக்கித்தானே வைக்கப் போகினம். மயக்கம் நித்திரை இல்லை."